மாடிக் குளியலறை ஷவரும் மொட்டைமாடித் தொட்டியும்

திருச்சியிலிருந்து கொள்ளிடம் தாண்டிச் சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரம் நோக்கிப் போனால் வழியெங்கும் மனைப்பிரிவுகளும் புது வீடுகளும் கண்ணில் படும். கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி. அநேகமாக எல்லா வீட்டுக்கும் இதே அமைப்புதான். குடியேறிய கொஞ்ச நாளில் ஒரு குறை எழும். கீழ்த்தளத்தில் ஷவரைத் திறந்தால் தண்ணீர் முதுகில் பட்டுச் சிதறுகிறது. மேல்தளத்திலும் அதே கம்பெனி ஷவர், அதே தொட்டி. தொட்டிக்கு இன்னும் பக்கத்தில் வேறு இருக்கிறது. ஆனால் அங்கே தண்ணீர் தலையில் வழிகிறதே தவிர விழுவதில்லை. பக்கத்தில் இருப்பதற்குக் குறைவாகவும் தள்ளி இருப்பதற்கு அதிகமாகவும் வருவது எப்படி? அதே மாடிக் குளியலறையில் வாளிக்குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாகவே கொட்டுகிறதே, அது எப்படி?

உடனே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பெரிய தொட்டியாக வாங்கிப் போடு. பிரஷர் பம்ப் வை. தட்டு மாதிரி அகலமான ஷவர் ஒன்று வந்திருக்கிறது, அதை மாட்டு. டைல்ஸை உடைத்துப் பைப்பையே மாற்று. இவற்றில் ஒன்று எதற்கும் பயன்படாது, ஒன்று நிலைமையை இன்னும் மோசமாக்கும், மற்ற இரண்டும் இடம் பார்த்துப் பயன்படும். எது எது என்பதைத் தண்ணீரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு இருபது ரூபாய் சமாச்சாரம் ஒன்று போதும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் நிற்கும் தண்ணீருக்கு எடை உண்டு. அந்த எடைதான் கீழே உள்ள தண்ணீரை நெருக்குகிறது. ஷவரின் வாயிலிருந்து தொட்டியின் நீர்மட்டம் வரை செங்குத்தாக எத்தனை அடியோ, அதுதான் ஷவருக்குக் கிடைக்கும் அழுத்தம். பொறியாளர்கள் அழுத்தத்தை இப்படி உயரமாகவே அளப்பார்கள். அதை இங்கே ‘நீருயரம்’ என்று சொல்லிக்கொள்வோம். பத்து மீட்டர் நீருயரம் என்பது ஏறத்தாழ ஒரு பார், அதாவது நம்மைச் சூழ்ந்துள்ள காற்று நம்மேல் செலுத்தும் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் சுமார் 72 மீட்டர். அதன் உச்சியில் ஒரு தொட்டி வைத்துத் தரைவரை குழாய் இறக்கினால் கீழே ஏழு பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். சாதாரண வீட்டுக் குழாய் இணைப்புகள் அதைத் தாங்கத் திணறும்.

இப்போது நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். அறையின் உயரம் பத்தடி, அதன்மேல் கான்கிரீட் தளம் அரையடி, அதன்மேல் இரண்டடிச் செங்கல் மேடை, அதற்கும் மேலே தொட்டி. தொட்டியின் அடிமட்டம் மாடித் தரையிலிருந்து பன்னிரண்டரை அடியில் இருக்கிறது. ஷவர் ஏழடியில். மிச்சம் ஐந்தரை அடி. மேல்தளக் குளியலறைக்குக் கையிருப்பு அவ்வளவுதான். பாரில் சொன்னால் 0.17. வாளிக்குழாய் தரையிலிருந்து இரண்டடியில் இருப்பதால் அதற்குப் பத்தரை அடி கிடைக்கிறது, கிட்டத்தட்ட இருமடங்கு. கீழ்த்தள ஷவருக்கோ இன்னொரு மாடி உயரமும் சேர்ந்து பதினாறு அடி. புதிர் இங்கேயே பாதி அவிழ்ந்துவிடுகிறது. தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் மாடிக் குளியலறையின் கேடு. தொட்டி நிறைந்திருந்தால் இதோடு மூன்றடி கூடும். வீட்டில் எல்லோரும் குளித்து முடித்தபின் கடைசியாகப் போகிறவருக்கு அந்த மூன்றடியும் இருக்காது.

ஐந்தரை அடி என்பது எவ்வளவு சின்ன அழுத்தம் என்று உணர்த்த ஒரு பழைய சோதனை இருக்கிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழலைப் பொருத்தி, ரத்தம் அதில் எதுவரை ஏறுகிறது என்று பார்த்தார். இதயத்தின் மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறியது. 1733இல் அவர் வெளியிட்ட இந்த அளவுதான் ரத்த அழுத்தத்தின் முதல் பதிவு. இன்று டாக்டர் 120 என்று எழுதுவது பாதரசக் கணக்கு. அதைத் தண்ணீர்க் கணக்கில் மாற்றினால் சுமார் ஐந்தேகால் அடி. ஆக, மாடி ஷவருக்கு நாம் கொடுத்திருப்பது ஆரோக்கியமான ஒரு மனித இதயத்தின் அழுத்தம்தான். குதிரையின் அளவு அதற்கு இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கணக்கு: மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர் வழங்கல் கையேடு, ஒரு தள வீடுகள் உள்ள பகுதியில் தெருக்குழாயில் குறைந்தது 7 மீட்டரும், இரண்டு தளத்துக்கு 12 மீட்டரும், மூன்று தளத்துக்கு 17 மீட்டரும் நீருயரம் இருக்க வேண்டும் என்றது. தண்ணீர் நாள் முழுதும் வராத ஊர்களில் நாம் அதைத் தரைத்தொட்டியில் பிடித்து, மோட்டார் வைத்து மொட்டைமாடிக்கு ஏற்றி, அங்கிருந்து கிடைக்கிற சொற்ப உயரத்தில் காலம் தள்ளுகிறோம்.

பெரிய தொட்டி யோசனை இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது. ஆயிரம் லிட்டருக்குப் பதில் இரண்டாயிரம் லிட்டர் வாங்கினால் தண்ணீர் இரண்டு நாள் வரும். வேகம் அப்படியே இருக்கும். அழுத்தம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது, அளவைப் பொறுத்ததல்ல என்று நெதர்லாந்தில் வாழ்ந்த சைமன் ஸ்டெவின் 1586லேயே எழுதிவிட்டார். சுண்டுவிரல் தடிமனுள்ள குழாயில் பத்தடி நின்றாலும், பெரிய ஊருணியில் பத்தடி நின்றாலும் அடியில் அழுத்தம் ஒன்றே. நம்ப மனம் ஒப்பாது. ஆனால் அணை கட்டுகிறவர்களும் வாய்க்கால் மதகு அமைப்பவர்களும் இதை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். பெரிய தொட்டி சற்று உயரமாகவும் இருந்தால் ஓரடி ஈரடி கூடும். நன்மை அவ்வளவே.

தொட்டியை உயர்த்தலாமா என்றால், உயர்த்தலாம். ஆனால் உயரம் இருமடங்கானால் வேகம் இருமடங்காகாது. துளையிலிருந்து பீறிடும் நீரின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1644இல் இத்தாலிய அறிஞர் டோரிசெல்லி காட்டினார். வேகம் இரண்டு பங்காக வேண்டுமென்றால் உயரம் நான்கு பங்காக வேண்டும். மேடையை மூன்றடி கூட்டினால் ஐந்தரை அடி எட்டரை அடியாகும். தண்ணீரோ கால்பங்குதான் கூடும். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் எடை. அதைத் தளத்தின் நடுவில் அல்லாமல் சுவரும் பீமும் சேரும் இடத்துக்கு மேல் உயர்த்த வேண்டும். கொத்தனாரின் தைரியத்தை மட்டும் நம்பாமல் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் தண்ணீர் அசையாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. ஷவரைத் திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கியதும் குழாய் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. மாடி ஷவர்களின் தலையெழுத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கணக்குதான். ‘உராய்வு இழப்பு’ என்பது அதன் பெயர்.

சமயபுரம் சித்திரைத் தேரன்று கோயிலை நோக்கிப் பாதயாத்திரைக் கூட்டம் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அகன்ற சாலையில் ஓரத்தில் நடப்பவர்கள்தான் கடைகளிலும் கம்பிகளிலும் இடித்து நிற்கிறார்கள். நடுவில் வருபவர்கள் தடையின்றி நகர்கிறார்கள். சாலை ஒடுங்கி மூன்று பேர் மட்டும் போகும் தடுப்புக்குள் நுழைந்துவிட்டால், எல்லோருமே ஓரத்தில் நடப்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். குழாயிலும் அப்படித்தான். சுவரை ஒட்டிய நீர் நகர்வதே இல்லை. அது பக்கத்து நீரைப் பிடித்து இழுக்கிறது, அது தன் பக்கத்து நீரை. குழாய் ஒடுங்க ஒடுங்க, அந்தப் பிடியிலிருந்து தப்பித்து ஓடும் நடுநீர் இல்லாமல் போகிறது.

ஆகவே குழாயின் உள்விட்டம் பாதியானால் அதே அளவு தண்ணீருக்கு இழப்பு இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ அல்ல, ஏறத்தாழ முப்பது மடங்கு. இதை யாரும் உட்கார்ந்த இடத்தில் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பிரான்சின் திழோன் நகரத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊற்றிலிருந்து வெறும் இறக்கத்தை நம்பி 1840இல் தண்ணீர் கொண்டுவந்தவர் ஆன்றி டார்சி என்ற பொறியாளர். பின்னாளில் அவர் இரும்பு, ஈயம், கண்ணாடி எனப் பலவகைக் குழாய்களையும், அவற்றில் புதியதையும் துருவேறியதையும் வரிசையாக வைத்து, நீரோட்டத்தையும் அழுத்தக் குறைவையும் அளந்தார். உட்சுவரின் சொரசொரப்பும் இழப்பைக் கூட்டுகிறது என்று நிலைநாட்டிய அந்த அளவுகள் 1857இல் வெளியாயின. ஓடும் நீர் உள்ளே என்ன செய்கிறது என்பதை 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணால் காணும்படி காட்டினார். கண்ணாடிக் குழாய்க்குள் ஓடும் நீரின் நடுவே மெல்லிய சாயக்கோடு ஒன்றை விட்டார். மெதுவாக ஓடியபோது கோடு கோடாகவே நீண்டது. வேகத்தைக் கூட்டியதும் ஒரு கட்டத்தில் அது திடீரெனக் கலைந்து குழாயெங்கும் பரவியது. முதலாவது சீரோட்டம், இரண்டாவது கொந்தளிப்போட்டம். நம் குளியலறைக் குழாய்களில் ஷவர் திறந்திருக்கும்போது ஓடுவது எப்போதும் இரண்டாம் வகைதான். அதில் ஓட்டம் இரட்டித்தால் இழப்பு மும்மடங்குக்கும் மேலாகும். ஒரே பைப்பில் இரண்டு குளியலறைகள் இருந்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் குளித்தால் இரண்டு பேருமே ஏமாறுவது இதனால்தான்.

எண்ணில் பார்த்தால் இது இன்னும் உறைக்கும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வரும் ஷவரில் திருப்தியாகக் குளிக்கலாம். அரை இஞ்ச் சிபிவிசி பைப்பின் உள்விட்டம் பன்னிரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் பத்து லிட்டர் ஓடினால் பத்து மீட்டர் நீளத்துக்கு இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடி நீருயரம் உராய்விலேயே போய்விடும். நம்மிடம் இருப்பதோ ஐந்தரை அடி. ஆகவே அந்தப் பத்து லிட்டர் ஓடவே ஓடாது. கையிருப்புக்குள் செலவு அடங்கும்வரை ஓட்டம் தானாகக் குறைந்துகொள்ளும். அதே பத்து மீட்டரை முக்கால் இஞ்ச் பைப்பில் போட்டிருந்தால் இழப்பு ஓரடிக்குச் சற்று மேல்தான். கடையில் இரண்டு பைப்புக்கும் உள்ள விலை வித்தியாசத்தை நினைத்தால் மனம் ஆறாது. ஒவ்வொரு எல்போவும் ஒன்றேகால் அடி பைப்புக்குச் சமமான இழப்பைத் தருகிறது. பீமைச் சுற்றி, ஜன்னலைச் சுற்றி, பத்து எல்போ போட்டு வந்த லைனில் கண்ணுக்குத் தெரியாத பன்னிரண்டு அடி பைப் ஒளிந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பழைய வீடுகளில் ஜிஐ பைப் இருந்தால் துருவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதினைந்து மில்லிமீட்டர் துளைக்குள் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் துருப் படிந்தால் மிஞ்சுவது பதினொன்று; இழப்பு நாலரை மடங்கைத் தாண்டிவிடும்.

சரி, நம் வீட்டில் குற்றவாளி உயரக் குறைவா, குழாயா? இங்கேதான் அந்த இருபது ரூபாய் சமாச்சாரம் வருகிறது. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைத்தான் சொல்கிறேன். மாடிக் குளியலறையில் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, அதன் கையில் டியூபை இறுக்கிக் கட்டி, மறுமுனையைத் திறந்தபடியே வென்டிலேட்டர் வழியாக மொட்டைமாடித் தொட்டியின் பக்கவாட்டில் நிறுத்துங்கள். ஷவர் வால்வைத் திறந்து, மற்ற எல்லாக் குழாய்களையும் மூடிவையுங்கள். டியூபில் தண்ணீர் ஏறி, தொட்டிக்குள் இருக்கும் நீர்மட்டத்துக்கு நேராக நிற்க வேண்டும். ஹேல்ஸ் குதிரைக்குச் செய்ததும், டேனியல் பெர்னூலி என்ற கணித அறிஞர் குழாயின் சுவரில் துளையிட்டுக் கண்ணாடிக் குழல் செருகி ஓடும் நீரின் அழுத்தத்தை அளந்ததும் இதே முறையில்தான்.

அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே ஒருவரை அதே குளியலறையின் வாளிக்குழாயை முழுதாகத் திறக்கச் சொல்லுங்கள். டியூபில் தண்ணீர் இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவும் வழியில் குழாய் எடுத்துக்கொண்டது. அரையடி இறங்கினால் உங்கள் பைப் நல்ல பைப், உயரம்தான் போதவில்லை. மூன்றடி நான்கடி இறங்கினால் பைப்தான் குற்றவாளி. ஷவரின் மட்டத்துக்கும் கீழே இறங்கிவிட்டால் இன்னொரு மர்மமும் விளங்கும்: யாராவது வாளி பிடிக்கும்போது ஷவர் அடியோடு நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். ஷவர் வாயில் அப்போது அழுத்தம் என்பதே மிச்சமில்லை. வாளியில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விழுகிறது என்றும் கூடவே குறித்துக்கொண்டால், மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போதே டியூபில் தண்ணீர் தொட்டி மட்டத்துக்கு வரவில்லை என்றால் வழியில் காற்று அடைத்திருக்கிறது. தொட்டியிலிருந்து வரும் பைப் கைப்பிடிச்சுவர்மேல் ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்றுக் குமிழ் தங்கும். தொட்டி ஒருமுறை காலியானாலே போதும். நிறைய அழுத்தம் இருந்தால் குமிழைத் தள்ளிவிடும். ஐந்தரை அடியால் அது முடியாது. தொட்டியின் வால்வை அடுத்து ஒரு டீ போட்டு, தொட்டியின் உச்சியைவிட உயரமாக ஒரு பைப்பை வாய் திறந்தபடி நிறுத்துவது இதற்காகத்தான். தண்ணீரே வராத இந்தப் பைப் எதற்கு என்று நினைத்துப் பலர் அதற்கு மூடி போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள்.

பைப்தான் காரணம் என்றால், மாற்ற வேண்டிய முறை எளிது. தொட்டியிலிருந்து இறங்குவது ஒன்றேகால் அல்லது ஒரு இஞ்ச், குளியலறை வாசல்வரை முக்கால் இஞ்ச், சுவருக்குள் ஷவருக்கு ஏறும் கடைசித் துண்டு மட்டும் அரை இஞ்ச். அநேக வீடுகளில் நீளமான பகுதி சுவருக்கு வெளியேதான் ஓடுகிறது. அதை மட்டும் மாற்றினாலே பெரும்பாலான இழப்பு ஒழியும். டைல்ஸைத் தொட வேண்டியதே இல்லை. மாடிக் குளியலறைக்குத் தனி லைன் இழுத்துவிட்டால் இன்னும் நல்லது.

உயரம்தான் காரணம் என்றால் பிரஷர் பம்ப் சரியான மருந்து. அது சாதாரணமாகவே 15, 20 மீட்டர் நீருயரம் தரும். ஆனால் அதைத் தொட்டியின் காலடியில் வைக்க வேண்டும். மெல்லிய பைப்பின் கடைசியில், குளியலறைக்குப் பக்கத்தில் வைத்தால் அது கேட்கும் வேகத்துக்குப் பைப்பால் தண்ணீர் கொடுக்க முடியாது. பம்பின் வாயில் அழுத்தம் சரிந்து, இணைப்புகள் வழியே காற்றை உறிஞ்சி, கடகடவென்று சத்தம் போடும்.

பம்ப் வைக்கும்போது நடக்கும் இன்னொரு தவறு ஆபத்தானது. குளிர்ந்த தண்ணீர் லைனுக்கு மட்டும் பம்ப் வைத்து, சுடுநீரைச் சோலார் ஹீட்டரிலிருந்து வெறும் உயரத்தில் வரவிட்டால், மிக்ஸருக்குள் இரண்டும் சந்திக்கும் இடத்தில் பலமுள்ள குளிர்நீர் சுடுநீர்க் குழாய்க்குள்ளேயே ஏறிவிடும். ஷவரில் வெந்நீர் வராது. சூடான தொட்டியும் ஆறிப்போகும். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் என்ஆர்வி வால்வு போட்டால் பின்னோக்கி ஏறுவது நிற்கும், ஆனாலும் எதிரில் அழுத்தம் அதிகமாக இருக்கும்வரை வெந்நீர் முன்னேறாது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் வேண்டும். இதற்காகக் கண்ணாடிக்குழல் சோலார் ஹீட்டருக்குள் பம்பின் அழுத்தத்தைச் செலுத்தவும் கூடாது. அந்த வகைத் தொட்டிகள் காற்றுக்குழாய் திறந்த நிலையில் வேலை செய்யவே செய்யப்பட்டவை. அழுத்தம் கொடுத்தால் உப்பிப் பிளக்கும். ஹீட்டரிலிருந்து வெளிவரும் வெந்நீருக்கு, வெப்பம் தாங்கும் தனி பம்ப் வைப்பதுதான் வழி. மின்சார கீசர் என்றால் எத்தனை பார் தாங்கும் என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பம்ப் வாங்குங்கள்.

மழை ஷவர் எனப்படும் அகலத் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பம்ப் இல்லாத மாடிக்கு அது ஆகாது. வரும் தண்ணீர் அதேதான். துளைகள் கூடினால் ஒவ்வொன்றிலும் வேகம் குறைந்து, பீறிட வேண்டிய நீர் விளிம்பில் ஒட்டி வழியும். குறைந்த அழுத்தத்துக்குச் சிறிய முகமுள்ள, உள்ளே வடிகட்டியோ நீர்ச்சிக்கனத் தக்கையோ இல்லாத ஷவர்தான் பொருந்தும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் துளைகளில் வெள்ளையாக உப்பு படியும். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கரியமில வாயுவை இழந்து சுண்ணாம்புக் கல்லாக மாறுவதால் வருவது அது; வெந்நீரில் இன்னும் வேகமாகப் படியும். ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் முக்கால் மணி நேரம் ஊறவைத்தால் நுரைத்துக் கரையும். சில வீடுகளில் பழுது இவ்வளவுதான் இருக்கும், ஆகவே டியூப் சோதனைக்கும் முன்னால் இதைச் செய்துவிடலாம்.

சுவரை வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், புதுப் பைப்பைப் பதித்ததும் பூசிவிட அவசரப்படாதீர்கள். இணைப்புகளை ஒட்டிய சால்வென்ட் காய்ந்தபின் எல்லா வாயையும் பிளக் போட்டு அடைத்து, கைப் பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முள் இறங்கினால் எந்த இணைப்பு கசிகிறது என்பது அப்போதே தெரியும். இரண்டு எல்போவை வெட்டி மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும்.